பூட் ஆகாத கர்னலைச் சரிசெய்வது எப்படி: லாக் பிடிப்பதிலிருந்து பேட்ச் சேரும்வரை

லினக்ஸ் கர்னலில் வேறு எங்கே பிழை வந்தாலும் லாகைத் திறந்து பார்க்கலாம். பூட் ஆகும்போது வரும் பிழையில் அந்த லாகே இருக்காது. வட்டில் எழுதும் நிலைக்கு வருவதற்கு முன்பே இயந்திரம் நின்றுவிடும். உங்களுக்கு மிஞ்சுவது ஒரு கறுப்புத் திரைதான். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் சாட்சியம் சேர்ப்பதில்தான் போகும். திருத்தம் பல சமயம் பத்து வரிகூட வராது. இது தெரியாமல் எடுத்தவுடன் சி நிரலைத் திறந்து உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

நான் தட்டுத் தடுமாறிப் பிடித்த வரிசையைக் கீழே தருகிறேன். உங்களுக்கு சி ஓரளவு தெரியும், கர்னலை ஒரு தடவையாவது சொந்தமாகக் கம்பைல் செய்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆவணத்தில் உள்ள எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இது கர்னல் பிழைதானா?

புதிதாக வருபவர்கள் கொண்டுவரும் பூட் பிழைகளில் கணிசமானவை கர்னல் பிழையே அல்ல. மூன்றை முதலில் கழித்துக்கட்டுங்கள்.

ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0 என்று சொல்லி பேனிக் ஆனால் (கர்னல் மேலே போக முடியாமல் தானே நின்றுவிடுவது), பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஏற்றப்படவில்லை, அல்லது வட்டுக்கான டிரைவர் அதில் இல்லை. "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்" தோற்றது, எர்ரர் மைனஸ் 2 என்று வந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பு பழையதாக இருக்கும், அல்லது அந்தக் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் சேராமல் போயிருக்கும். நீங்களே கட்டிய கர்னல் மட்டும் ஏற மறுத்தால் செக்யூர் பூட் (கையொப்பமிடாத நிரலை ஏறவிடாத ஃபர்ம்வேர் வசதி) தடுக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பயாஸுக்கு (இயந்திரத்தை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேர்) புதிய பதிப்பு வந்திருக்கிறதா? கர்னலின் ஒரு பகுதியைக் கவனித்துக்கொள்ளும் அனுபவமுள்ள பராமரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆனால் உடனே ஏற்றிவிடாதீர்கள். பல இயந்திரங்களில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பிழை மறைந்துவிட்டால் அதே பயாஸில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவ உங்களிடம் எதுவும் மிஞ்சாது. கீழே 5ஆம் படியில் சொல்லும் ஆவணங்களை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

2. என்னென்ன வேண்டும்

இரண்டு இயந்திரங்கள். ஒன்று பிழை காட்டுவது, இன்னொன்று கம்பைல் செய்யவும் லாக் வாங்கவும். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் செய்தால் பாதி நேரம் ரீபூட்டிலேயே போய்விடும். கம்பைல் இயந்திரத்தில் டீபக் தகவலோடு கட்டுவதாக இருந்தால் 30 ஜிபி இடத்தையாவது காலியாக வையுங்கள்.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று. வாங்கும்போது மின்னழுத்தத்தைப் பாருங்கள்: இன்றைய போர்டுகள் பெரும்பாலும் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட். 5 வோல்ட் அடாப்டரை மாட்டினால் போர்டின் பின் கருகிப்போகும். கிரவுண்டைக் கிரவுண்டோடு, டிஎக்ஸை (அனுப்பும் முனை) ஆர்எக்ஸோடு (பெறும் முனை), ஆர்எக்ஸை டிஎக்ஸோடு இணையுங்கள். விசிசி கம்பியைத் தொடவே வேண்டாம். போர்டு தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

ஃபர்ம்வேரையே மாற்றி எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் எஸ்பிஐ புரோகிராமரும் (ஃபர்ம்வேர் சிப்பைப் படித்து எழுதும் கருவி) கிளிப்பும் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ வகையில் சில போர்டுகள் 3.3 வோல்ட் சிப்புக்கும் டேட்டா கம்பியில் 5 வோல்ட் அனுப்பும். மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால்தான் எழுதும் வேலையைத் தொடங்கலாம்.

அந்த இயந்திரத்தில் விண்டோஸும் இருந்தால், செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் எழும்போது அதைக் கேட்க வாய்ப்புண்டு.

3. கடைசி வரியைப் பிடியுங்கள்

மொத்த வேலையின் மையம் இதுதான். இயந்திரம் நிற்பதற்கு முன் கர்னல் கடைசியாக என்ன சொன்னது? அது கையில் இல்லாமல் நீங்கள் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

முதலில் கிரப்பில் (கர்னலை ஏற்றும் பூட் மெனு நிரல்) கர்னலுக்கான கட்டளை வரியைத் திருத்தி "கொயட்", "ஸ்பிளாஷ்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். "இக்னோர்_லாக்லெவல்" சேருங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

அப்படியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், கர்னலின் வழக்கமான கன்சோல் எழுவதற்கு முன்பே நிற்கிறது. அதற்குத்தான் "இயர்லிகான்". ஆர்ம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள சாதனங்களின் விவரப் பட்டியல்) சீரியல் போர்ட் குறிப்பிடப்பட்டிருந்தால் வெறுமனே இயர்லிகான் என்று போட்டாலே போதும். எக்ஸ்86 இயந்திரத்தில் சீரியல் போர்ட் இருந்தால் "இயர்லிபிரிண்ட்கே" என்பதற்கு சீரியல், டிடிஒய்எஸ்0, 115200 என்ற மதிப்புகளைக் கொடுங்கள். கூடவே "கீப்_பூட்கான்" சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் உண்மையான கன்சோலுக்குக் கைமாறும் நொடியில் பழைய கன்சோல் அணைந்துவிடும். நீங்கள் தேடும் பிழை அந்த இடைவெளியில்தான் இருந்து தொலைக்கும்.

சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியில் "இயர்லிகான்=ஈஎஃப்ஐஎஃப்பி" போட்டுப் பாருங்கள். யூஈஎஃப்ஐ (இன்றைய பயாஸின் வடிவம்) கொடுத்த திரை நினைவகத்திலேயே கர்னல் நேரடியாக எழுதும். வரிகள் மெதுவாக நகரும். அதைக் கைபேசியில் வீடியோ எடுத்து ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்ப்பது கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம், வேலைக்கு ஆகும். யூஎஸ்பி 3 வழியாக டீபக் செய்யும் வசதியும் கர்னலில் உண்டு, அதற்கு மின்கம்பி இணைக்கப்படாத தனி ஏ-டு-ஏ டீபக் கேபிள் வேண்டும். சாதாரண ஏ-டு-ஏ கேபிளால் இரண்டு கணினிகளை இணைக்காதீர்கள்.

பேனிக் ஆகி நிற்கிறது, திரையில் படிக்க முடியவில்லை என்றால் பிஸ்டோர் உதவும். பேனிக் நேரத்து லாகை யூஈஎஃப்ஐ மாறிகளில் எழுதிவைத்து, அடுத்த முறை நல்ல கர்னலில் எழும்போது சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர் அடைவில் காட்டும். சில விநியோகங்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், "ஈஎஃப்ஐ_பிஸ்டோர்.பிஸ்டோர்_டிசேபிள்=0" என்று போட்டால் திறக்கும். படித்தவுடன் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நினைவகம் மிகச் சிறியது. ஒன்றை மறக்க வேண்டாம்: பிஸ்டோர் பேனிக்கையும், ஊப்ஸ் என்று கர்னல் தானே அறிவிக்கும் பிழையையும்தான் பிடிக்கும். சத்தமில்லாமல் உறைந்து நிற்கும் இயந்திரத்திலிருந்து அதற்கு எதுவும் வராது.

நெட்கன்சோலை (லாகை நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி) இங்கே பலர் பரிந்துரைப்பார்கள். நெட்வொர்க் டிரைவர் எழுந்த பிறகுதான் அது வேலை செய்யும் என்பதால் பூட்டின் ஆரம்பத்தில் நிற்கும் பிழைக்குப் பயனில்லை.

இன்னொரு பொறி. 115200 வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 11,500 எழுத்துகள்தான் போகும். லாக் அதிகமானால் பூட்டே மெதுவாகும். நேரம் சார்ந்த பிழையாக இருந்தால் லாகைத் திறந்தவுடன் பிழை காணாமல் போய்விடும். அப்படிக் காணாமல் போவதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேஸ் (இணையாக ஓடும் வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை) என்று சந்தேகிக்க அதுவே நல்ல காரணம்.

4. எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

"ஈஎஃப்ஐ ஸ்டப்" என்று தொடங்கும் வரிகளோடு நின்றால், கர்னல் இன்னும் ஃபர்ம்வேரின் கையை விடவில்லை, அல்லது இப்போதுதான் விட்டிருக்கிறது. "எக்சிட் பூட் சர்வீசஸ்" அழைப்புக்குப் பிறகு ஃபர்ம்வேரின் கன்சோல் போய்விடும். இயர்லிகான் எழும்வரை ஒரு சின்ன இருட்டுப் பகுதி உண்டு. இங்கே "ஈஎஃப்ஐ=டீபக்" போட்டால் நினைவக வரைபடம் முழுவதும் லாகில் வரும்.

லினக்ஸ் பதிப்பு எண்ணுள்ள முதல் வரி வந்த பிறகு நின்றால் "இனிட்கால்_டீபக்" சேருங்கள். ஒவ்வொரு தொடக்கச் சார்பையும் அழைக்கும்போது "காலிங்" என்று ஒரு வரியும், அது முடிந்ததும் "ரிட்டர்ண்ட் 0 ஆஃப்டர்" என்று எத்தனை மைக்ரோவினாடி ஆனது என்ற கணக்கோடு இன்னொரு வரியும் வரும். அழைத்துவிட்டுத் திரும்பாத சார்பு எதுவோ அதுதான் உங்கள் முதல் சந்தேக நபர். "இனிட்கால்_பிளாக்லிஸ்ட்" கொண்டு அதை மட்டும் தவிர்த்து பூட் ஆகிறதா என்று பாருங்கள். இணையாக ஓடும் டிரைவர்கள் உண்டு என்பதால் கடைசி வரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

"ஏசிபிஐ=ஆஃப்" போட்டால், அதாவது வன்பொருளைப் பற்றி ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகளை ஒதுக்கினால், பூட் ஆகிறது என்பது நல்ல தகவல், ஆனால் அது தீர்வு கிடையாது. அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு பிழை சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். மின்சேமிப்பு, வெப்பக் கட்டுப்பாடு எல்லாமே அதோடு போய்விடும்.

5. ஆவணங்கள்

நல்ல கர்னலிலும் கெட்ட கர்னலிலும் எடுத்த முழு டி-மெசேஜ் (கர்னலின் லாக்), கர்னல் கன்ஃபிக் கோப்பு, கட்டளை வரி, ரூட்டாக ஓடவிட்ட எல்எஸ்பிசிஐ (பிசிஐ சாதனப் பட்டியல்) வெளியீடு, டிஎம்ஐடிகோட் (இயந்திரத்தின் மாடல் விவரம்), ஏசிபிஐடம்ப் (ஏசிபிஐ அட்டவணைகளின் நகல்). எல்லாவற்றையும் பயாஸ் பதிப்பின் பெயரிட்ட ஓர் அடைவில் போடுங்கள். டி-மெசேஜைத் துண்டாக வெட்டி அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தேவையில்லாததாகத் தெரியும் 3ஆம் வரியில்தான் பராமரிப்பாளருக்கு வேண்டியது இருக்கும்.

பகிர்வதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். டிஎம்ஐடிகோடில் சீரியல் எண்ணும் யூயூஐடியும் இருக்கும். ஏசிபிஐடம்பில் எம்எஸ்டிஎம் என்று ஓர் அட்டவணை இருந்தால், அதில் இயந்திரத்தோடு வந்த விண்டோஸ் உரிமச் சாவி அப்படியே எழுதியிருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கர்னல் "டெயின்டட்" ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூலநிரல் மூடிய மாட்யூல் ஏற்றப்பட்டிருந்தால், அதில்லாமல் பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டும்வரை உங்கள் கடிதத்துக்குப் பதில் வருவது சந்தேகமே.

6. முன்பு ஓடியதா? பைசெக்ட் செய்யுங்கள்

பழைய கர்னலில் பூட் ஆகிப் புதியதில் ஆகவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்டுகள் (கிட்டில் பதிவான மாற்றங்கள்) இருக்கும்; கிட் பைசெக்ட் ஒவ்வொரு சுற்றிலும் பாதியைக் கழிப்பதால் 14 சுற்றில் 16,384 கமிட்டுகள்வரை அலசிவிடலாம். ஒரு சுற்றுக்குக் கம்பைல் நேரமும் ரீபூட்டும். வேகமான இயந்திரம் இருந்தால் ஒரு நாள்; பழைய மடிக்கணினியிலேயே கட்டினால் வார இறுதி முழுவதும் போகும்.

நேரத்தைக் குறைக்க "மேக் லோகல்மாட்கன்ஃபிக்" ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். ஆகவே பிழை காட்டும் இயந்திரத்தில் நல்ல கர்னல் ஓடும்போது, வேண்டிய யூஎஸ்பி சாதனங்களையெல்லாம் செருகிவிட்டு எல்எஸ்மாட் பட்டியலை எடுங்கள்.

சில எச்சரிக்கைகள். தொடங்கும் முன் இரண்டு முனைகளையும் மெயின்லைன் கர்னலில் (விநியோகங்கள் கைவைக்காத மூலக் கர்னல்) நீங்களே கட்டி உறுதிசெய்யுங்கள். விநியோகத்தின் கர்னலில் கூடுதல் பேட்சுகள் இருக்கும். நடுவில் கம்பைல் ஆகாத கமிட் வந்தால் "பேட்" என்று குறிக்காமல் "ஸ்கிப்" கொடுங்கள். எப்போதாவது வரும் பிழை என்றால் ஒரு முறை பூட் ஆனதை வைத்து "குட்" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு தவறான "குட்" மிச்சச் சுற்றுகள் அத்தனையையும் வீணாக்கும். மின்சாரத்தை முழுவதும் அணைத்து எழுப்புவதும் ரீபூட் செய்வதும் ஒன்றல்ல: ரீபூட்டில் சாதனங்களின் பழைய நிலை ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாச் சுற்றிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

நல்ல கர்னலையே கிரப்பின் இயல்புத் தேர்வாக வைத்து, சோதனைக் கர்னலை "கிரப்-ரீபூட்" மூலம் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். தொங்கிவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், தானாக நல்ல கர்னலுக்கு வந்துவிடும்.

7. ஓர் உதாரணம்: கிரப்பில் ஓடும் விசைப்பலகை, கர்னலில் ஓடவில்லை

முதல் பேட்சுக்கு மிகப் பொருத்தமான வகை இது. ஏஎம்டி ரைசன் மடிக்கணினிகள் பலவற்றில் வந்த பிழை. கிரப்பில் அம்புக்குறி வேலை செய்யும். உள்நுழைவுத் திரைக்கு வந்தால் விசைப்பலகை செத்திருக்கும். வெளி யூஎஸ்பி விசைப்பலகை மாட்டி டி-மெசேஜைப் பார்த்தால் "ஏசிபிஐ: ஐஆர்க்யூ 1 ஓவர்ரைட் டு எட்ஜ், ஹை" என்று ஒரு வரி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியோடு.

பழைய வகை இன்டரப்டுகளில் (சாதனம் செயலியைக் கூப்பிடும் சமிக்ஞை; ஐஆர்க்யூ அதன் எண்) டிஎஸ்டிடி என்ற ஏசிபிஐ அட்டவணை சொல்வதைக் கர்னல் முழுக்க நம்பாது. இன்டரப்டுகளுக்கான எம்ஏடிடி அட்டவணையோடு அது பொருந்தாவிட்டால், எட்ஜ், ஹை (சமிக்ஞை உயரும் நொடியை மட்டும் கவனிப்பது) என்று தானே மாற்றிவிடும். பழைய இயந்திரங்களுக்கு அது சரி. இந்தப் புதிய இயந்திரங்களில் டிஎஸ்டிடி சொன்னதுதான் உண்மை.

உறுதிசெய்ய ஏசிபிஐடம்பை "-பி" தேர்வோடு ஓடவிட்டு, கிடைக்கும் டிஎஸ்டிடி கோப்பை "ஐஏஎஸ்எல் -டி" கொண்டு பிரியுங்கள். பிஎன்பி0303 என்று தேடினால் விசைப்பலகைச் சாதனம் கிடைக்கும். அதன் சிஆர்எஸ் (சாதனம் பயன்படுத்தும் வளங்கள்) பகுதியில் ஐஆர்க்யூ 1க்கு "ஆக்டிவ்லோ" என்று எழுதியிருந்தால் வழக்கு முடிந்தது.

திருத்தம் டிரைவர்ஸ்/ஏசிபிஐ/ரிசோர்ஸ்.சி கோப்பில். விதிவிலக்கு இயந்திரங்களின் பட்டியல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் இயந்திரத்தின் டிஎம்ஐ (ஃபர்ம்வேர் தரும் இயந்திர விவரம்) தயாரிப்பாளர் பெயரையும் போர்டு பெயரையும் ஓர் உள்ளீடாகச் சேர்த்தால் போதும். இப்படிப்பட்ட குவிர்க் (விதிவிலக்கு) பட்டியல்கள் கர்னலில் வேறு பல இடங்களிலும் உண்டு: ரீபூட் ஆகாத இயந்திரங்களுக்கு, திரை வெளிச்சம் மாறாத இயந்திரங்களுக்கு என்று.

இங்கே ஒரு பெரிய பொறி. "டிஎம்ஐ_மேட்ச்" முழுப் பெயரையும் ஒப்பிடாது; நீங்கள் கொடுத்தது பெயருக்குள் எங்காவது இருந்தாலே பொருந்தியதாக எடுத்துக்கொள்ளும். சின்னப் பெயராகக் கொடுத்தால் சம்பந்தமில்லாத நான்கு மாடல்களும் உள்ளே வந்துவிடும். சந்தேகம் இருந்தால் "டிஎம்ஐ_எக்ஸாக்ட்_மேட்ச்" பயன்படுத்துங்கள். சில தயாரிப்பாளர்கள் அந்த இடத்தை நிரப்பாமலே "டீஃபால்ட் ஸ்ட்ரிங்" என்று விட்டுவைப்பார்கள். அதைப் பட்டியலில் சேர்த்தால் உலகத்தில் உள்ள அத்தனை சோம்பேறி பயாஸும் பொருந்தும்.

திருத்திய டிஎஸ்டிடியை இனிட்ராம்எஃப்எஸ்ஸின் முன்னால் ஒட்டி ஏற்றிச் சோதிக்கவும் வழி இருக்கிறது. சுருக்கப்படாத சிபியோ கோப்பாக, கர்னல்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ என்ற அடைவில் இருக்க வேண்டும். அட்டவணையின் ஓஈஎம் ரிவிஷன் எண்ணைக் கூட்டாவிட்டால் ஏற்காது. செக்யூர் பூட்டில் தடுக்கப்படும். இதைக் கண்டறியும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குத் தீர்வாகக் கொடுக்காதீர்கள்.

8. கியூஎமு எப்போது உதவும்

பிழை தயாரிப்பாளரின் பயாஸில் இருந்தால் கியூஎமுவில் (கணினியை மென்பொருளிலேயே நகலெடுக்கும் நிரல்) அது வராது. ஆனால் ஈஎஃப்ஐ ஸ்டப், நினைவக வரைபடம் போன்ற பொதுவான பகுதிகளில் திருத்தம் செய்தால், ஓவிஎம்எஃப் என்ற யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு கியூஎமுவில் ஓடவிட்டுப் பாருங்கள். "-எஸ்" என்பதைச் சிறிய எழுத்தில் ஒன்று, பெரிய எழுத்தில் ஒன்று என இரண்டும் கொடுத்தால் முதல் கட்டளையிலேயே நின்று 1234 போர்ட்டில் ஜிடிபி டீபக்கருக்காகக் காத்திருக்கும். கர்னல் வரியில் "நோகேஏஎஸ்எல்ஆர்" போடாவிட்டால் கர்னல் ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் ஏறுவதால் பிரேக்பாயிண்ட் எதுவும் சரியான முகவரியில் விழாது.

எந்த இயந்திரத்திலும் செய்யக்கூடாத ஒன்று: சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ/ஈஎஃப்ஐவார்ஸ் அடைவில் உள்ள ஃபர்ம்வேர் மாறிகளை அழிப்பது. சில மடிக்கணினிகள் அதனால் திரும்ப எழவே இல்லை. 2016 முதல் கர்னல் பெரும்பாலான மாறிகளை அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லும் குறிப்பு எங்கேனும் கண்ணில் பட்டால் தாண்டிப் போங்கள்.

9. பேட்ச் அனுப்புதல்

கமிட் செய்தியில் வரிசை இதுதான்: எந்த இயந்திரம், என்ன அறிகுறி, ஏன் நடக்கிறது, இந்த மாற்றம் அதை எப்படிச் சரிசெய்கிறது. லாகின் முக்கியமான வரியையும் டிஎஸ்டிடி துண்டையும் உள்ளேயே போடுங்கள். வரிக்கு 75 எழுத்து. தலைப்பின் முன்னொட்டு என்ன என்று குழம்ப வேண்டாம்; அந்தக் கோப்பின் கிட் லாகைப் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள்.

"சைன்ட்-ஆஃப்-பை" வரி கட்டாயம். பைசெக்டில் குற்றவாளி கமிட் கிடைத்திருந்தால், அதன் ஹாஷின் முதல் 12 எழுத்துகளோடு "ஃபிக்ஸஸ்" வரி. பழைய கர்னல்களுக்கும் போக வேண்டும் என்றால் ஸ்டேபிள் குழுவின் (வெளியான கர்னல்களுக்குத் திருத்தம் சேர்ப்பவர்கள்) முகவரியோடு "சிசி" வரி. "செக்பேட்ச்" ஓடவிட்டு எச்சரிக்கைகளைத் தீருங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை "கெட்_மெயின்டெய்னர்" சொல்லும்.

கிட் சென்ட்-ஈமெயில் மட்டுமே பயன்படுத்துங்கள். எச்டிஎம்எல் அஞ்சலைக் கர்னல் அஞ்சல் பட்டியல்கள் ஏற்பதில்லை. வெப்மெயிலில் ஒட்டினால் டேப் எழுத்துகள் சிதைந்து பேட்ச் ஒட்டாது. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து "கிட் ஏஎம்" கொண்டு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

10. எவ்வளவு நாள் ஆகும்

கர்னல் வெளியீடு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று. அதில் முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ (புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம்). அந்த நேரத்தில் அனுப்பினால் பதில் தாமதமாகும். முன்பு ஓடியதை இப்போது உடைத்த பிழைக்கான திருத்தமும், சின்னக் குவிர்க் சேர்ப்பும் ஆர்சி காலத்திலும் (அதற்குப் பின் வரும் சோதனை வாரங்கள்) ஏற்கப்படும். பெரிய மாற்றம் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும்.

பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இழையில் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால் இரண்டாம் பதிப்பை "வி2" என்று குறித்து, என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். அந்தப் பகுதி கமிட்டில் சேராது. எவர் கேள்விக்கும் பதில் சொல்லாமல் வி2 அனுப்புவதுதான் பராமரிப்பாளர்களை மிகவும் எரிச்சலூட்டும் காரியம்.

மெயின்லைனில் சேர்ந்த பிறகே ஸ்டேபிளுக்குப் போகும். ஸ்டேபிள் வரிசையில் சேர்த்ததும் உங்களுக்குத் தானியங்கி அஞ்சல் வரும். பழைய கர்னலில் பேட்ச் ஒட்டாவிட்டால் "ஃபெயில்ட்" என்று தொடங்கும் அஞ்சல் வரும். பதற வேண்டாம், பெரும்பாலும் பட்டியலில் பக்கத்து உள்ளீடு மாறியிருப்பதுதான் காரணம். அந்தக் கிளையை எடுத்து, செர்ரி-பிக் செய்து (உங்கள் கமிட்டை மட்டும் எடுத்து ஒட்டி), முரண்பாட்டைத் தீர்த்து, மெயின்லைன் கமிட்டின் முழு ஹாஷைச் செய்தியின் முதல் வரியில் குறிப்பிட்டு, அந்த இயந்திரத்தில் ஒரு முறை எழுப்பிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதுவரைக்கும் அந்த இயந்திரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.